செத்த சர்வருக்குள்ள ஒரு வாட்ச்மேன்

எங்க வெள்ளக்கடையில எஸ்டேட் பங்களா இருட்டா கிடந்தாலும் வாட்ச்மேன் கையில லாந்தர் எரியும். சர்வருக்குள்ளயும் அப்படி ஒருத்தர் இருக்கார் :-)

2004-ல சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனம் 'கப்ரு'ன்னு ஒரு கிளஸ்டர் கட்டினது. 144 கம்ப்யூட்டர்கள், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸியான் பிராசஸர். அந்த வருஷமே உலக டாப்500 பட்டியல்ல இடம். இத்தனை பெட்டியில ஒண்ணு ராத்திரி உறைஞ்சு போனா, யார் ஓடிப்போய் ஸ்விட்சைத் தட்டறது?

இந்தத் தலைவலிக்குத்தான் 1998-ல இன்டெல், டெல், ஹெச்பி, என்இசி நாலு பேரும் சேர்ந்து ஐபிஎம்ஐ-ன்னு ஒரு பொது விதி போட்டாங்க. மதர்போர்டுல பிஎம்சி என்ற குட்டி கம்ப்யூட்டர். லினக்ஸ் செத்தாலும் இது முழிச்சிருக்கும். சூடு பார்க்கும், பவரை அணைச்சுப் போடும். 2001-ல வந்த 1.5 பதிப்பில் நெட்வொர்க் வழியாவும் பேச ஆரம்பிச்சது.

சரி, இருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ரெண்டு வழி. உள்ளேருந்துன்னா, பயாஸ் எழுதி வைக்கிற எஸ்எம்பயாஸ் அட்டவணையில் 38-ஆம் வகைப் பதிவைத் தேடணும். வெளியேருந்துன்னா, யூடிபி 623-ஆம் போர்ட்டுக்கு ஒரு 'பிங்'. 'பாங்'னு பதில் வந்தா ஆள் இருக்கார்.

வம்பு இங்கதான். அந்தப் பிங்குக்கு பாஸ்வேர்டே வேண்டாம், யார் கூப்பிட்டாலும் குரல் கொடுப்பார். அதைவிட மோசம், 2004-ல வந்த 2.0 பதிப்பு. யூசர் பேரை மட்டும் சரியா சொன்னா, உள்ளே விடறதுக்கு முன்னாடியே பாஸ்வேர்டோட ஹாஷை நீட்டிடும். டேன் ஃபார்மர் 2013-ல இதை வெளியில சொன்னார். விதியிலேயே இருக்கற ஓட்டை, பேட்ச் போட்டு அடைக்க முடியாது.

2015-ல ரெட்ஃபிஷ்னு புது விதி வந்தாச்சு. ஆனா பழைய பெட்டிகள்ல பழைய வாட்ச்மேன்தான். அதனால மக்களே, உங்க வாட்ச்மேன்களை முதல்ல நீங்களே எண்ணி, தனி நெட்வொர்க்குல உட்கார வைங்க. திருடனும் அதே பிங்கைத்தான் அனுப்புவான்.