காப்பர் டி பிறந்த கதை

ஒசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போகும் இளம் தாய், அடுத்த பிள்ளையைத் தள்ளிப்போட அரசு மருத்துவமனையில் காசில்லாமல் போட்டுக்கொள்ளக்கூடியது காப்பர் டி. அதன் பிறப்பில் ஒரு முயலுக்கும் பங்கு உண்டு.

முதலில் வந்தது லூப். கருப்பைக்குள் வைப்பதற்காக அமெரிக்க மருத்துவர் ஜாக் லிப்பெஸ் வடிவமைத்த பிளாஸ்டிக் சாதனம் அது. 1965-இல் இந்திய அரசு அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. உதிரப்போக்கும் வலியும் தாங்காமல் பெண்கள் பலர் எடுத்துவிட்டார்கள். முன்கூட்டி எடுத்துச் சொல்லவும், போட்டபின் கவனிக்கவும் போதிய ஆளில்லை. திட்டம் படுத்துவிட்டது.

அதே பத்தாண்டில் ஹோவர்ட் டேட்டம் என்ற அமெரிக்க மருத்துவர், கருப்பையின் உள்வடிவத்துக்கேற்ப 'டி' வடிவில் சிறிய பிளாஸ்டிக் ஒன்றைச் செய்தார். உறுத்தல் குறைந்தது. ஆனால் ஓராண்டில் நூற்றுக்கு 18 பேர் வரை கருவுற்றார்கள்.

விடை சிலி நாட்டில் இருந்தது. அங்கே ஹைமே சிப்பெர் என்ற மருத்துவர் முயல்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். முயலின் கருப்பைக்கு இரண்டு கிளைகள். ஒன்றில் செம்புக் கம்பியை வைத்து, மற்றதை அப்படியே விட்டார். கம்பி இருந்த பக்கம் கரு தங்குவது வெகுவாகக் குறைந்தது. டேட்டமும் சிப்பெரும் சேர்ந்து 'டி'-யின் தண்டில் செம்பைச் சுற்றினார்கள். 1969-இல் முடிவுகள் வெளியாயின. செம்பின் பரப்பை 200 சதுர மில்லிமீட்டராக்கியபோது கருவுற்றவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவுக்குக் குறைந்தார்கள். இன்று போடப்படும் காப்பர் டி 380ஏ பத்தாண்டு காக்கும்.

உடம்பில் செம்பு ஏறிவிடாதா என்று பெண்கள் பயப்படுவது நியாயமே. ஆனால் கம்பியிலிருந்து கசிவது, நாம் தினமும் சாப்பாட்டில் சேர்த்துக்கொள்ளும் செம்பில் மிகச் சிறு பங்குதான். ரத்தத்தில் செம்பின் அளவைக் கூட்டுவது மாலா-என் போன்ற கருத்தடை மாத்திரைகள்; அவற்றிலுள்ள ஈஸ்ட்ரோஜன், செம்பைச் சுமக்கும் புரதத்தைக் கல்லீரலில் அதிகம் சுரக்கவைக்கிறது. அதே மாத்திரை மாதவிலக்குப் போக்கைக் குறைக்கும். மாலா-என் அட்டையில் 7 இரும்பு மாத்திரைகளும் இருக்கும்.

காப்பர் டி-யிலோ கவனிக்க வேண்டியது செம்பை அல்ல, இரும்பை. பலருக்கு மாதவிலக்குப் போக்கு அதிகமாகிறது. ஒரு மில்லி ரத்தம் போனால் அதோடு ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பும் போகிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஏற்கெனவே ரத்தசோகை.

ஆகவே மருத்துவப் பணியாளர்களே, காப்பர் டி போடும் நாளிலேயே ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தனுப்புங்கள். தாய்மார்களே, போக்கு அதிகமானால் பல்லைக் கடித்துக்கொண்டு ஷிப்டுக்குப் போகாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். லூப்பைத் தோற்கடித்தது சொல்லாமலும் கவனிக்காமலும் விட்டதுதான். காப்பர் டி-க்கும் அந்தக் கதி நேரக்கூடாது.