வார்டு பலகையும் நம்மவர் வாழ்வும்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "மும்பைத் தமிழர் வரலாறு பற்றி ஏதாவது எழுதுங்க சார்" என்றார்கள். வரலாறு என்றதும் கோயில், சபா, பள்ளிக்கூடம், சங்கக் கட்டடம் ஆகியவைதான் நமக்கு நினைவுக்கு வரும். அவற்றைப் பற்றி இதுபோன்ற மலர்களில் அறிஞர் பலர் விரிவாக எழுதிவிட்டார்கள். நான் எழுத எடுத்துக்கொண்டது ஒரு பலகையை. நகராட்சி வார்டு அலுவலகத்தின் வாசலில் தொங்கும் அறிவிப்புப் பலகைதான் அது.

நான் பிறந்து வளர்ந்தது தாராவியில். அப்பாவுக்கு மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. எங்கள் சந்தில் இங்கிலீஷும் கொஞ்சம் மராத்தியும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சனிக்கிழமை வேலை விட்டு வரும்போது வார்டு ஆபீஸ் வழியாகச் சுற்றி வந்து, பலகையில் ஒட்டியிருப்பதையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு வருவார். சாயங்காலம் குழாயடியில் வைத்து அதை வாசிப்பார். "தண்ணி இனிமே காலைல அஞ்சு மணிக்கு வருமாம்", "பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுதாங்களாம்", "முனிசிபல் பள்ளிக்கூடத்துல தமிழ் வகுப்புக்குப் பேர் எழுதுதாங்களாம்" என்று திருநெல்வேலிப் பேச்சில் சொல்லிக்கொண்டே போவார். எங்கள் சந்துக்கு நாளிதழ், வானொலி எல்லாமே அந்தச் சீட்டுதான்.

இந்தப் பலகைக்குப் பின்னால் ஒன்றரை நூற்றாண்டுக் கதை இருக்கிறது.

பம்பாய் நகர நிர்வாகத்துக்கு 1865-ல் முதல் முனிசிபல் கமிஷனராக ஆர்தர் க்ராஃபோர்டு வந்தார். 1872-ஆம் ஆண்டுச் சட்டப்படி 64 உறுப்பினர் கொண்ட மாநகராட்சி மன்றம் அமைந்தது. அவர்களில் பாதிப் பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கலாம் என்று விதித்தார்கள். அதன்பின் 1888-ல், பிரோஸ்ஷா மேத்தாவின் பெரும் பங்களிப்போடு, பம்பாய் மாநகராட்சிச் சட்டம் வந்தது. பல திருத்தங்களோடு இன்றும் நகரம் அந்தச் சட்டத்தின்படிதான் நடக்கிறது. அதில் 314-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. தெருவிலும் நடைபாதையிலும் போடப்பட்ட தடைகளை முன்னறிவிப்பு இல்லாமலே அகற்றக் கமிஷனருக்கு அதிகாரம் தரும் பிரிவு அது. இந்த எண்ணை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

வரி கட்டாத கூலிக்காரனுக்கு அன்றைக்கு ஓட்டு கிடையாது. வயது வந்தோர் எல்லோரும் வாக்களித்த முதல் மாநகராட்சித் தேர்தல் 1948-ல்தான் நடந்தது. அதுவரையில் நம்மவர்களில் பெரும்பாலோருக்கு வார்டு என்பது தபால் விலாசத்தில் வரும் ஓர் எழுத்து மட்டுமே.

நம்மவர் குடியேற்றத்தின் போக்கையே மாற்றியது ஒரு கொள்ளைநோய். 1896 செப்டம்பரில் மாண்ட்வி பகுதியில் பிளேக் பரவியிருப்பதை டாக்டர் அகாசியோ வியேகாஸ் கண்டறிந்தார். ஜனங்கள் ஊரைக் காலிசெய்து ஓடினார்கள். அடுத்த ஆண்டே கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. அதிகாரிகள் வீடு புகுந்து சோதனை செய்தார்கள், நோயாளிகளை இழுத்துப் போனார்கள். நெருக்கடியான குடியிருப்புகளே நோய்க்குக் காரணம் என்று கருதி, 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் என்னும் அமைப்பை அரசு உருவாக்கியது. வடக்கே வயலும் சதுப்புமாகக் கிடந்த இடத்தில் தாதர் – மாட்டுங்கா, சயான் – மாட்டுங்கா திட்டங்களை வகுத்தது இந்த டிரஸ்ட்தான். கிங்ஸ் சர்க்கிளும் ஃபைவ் கார்டன்ஸும் அப்படித்தான் உருவாயின.

1920-களிலும் 30-களிலும் அங்கே எழுந்த அடுக்குமாடி வீடுகளுக்கு நம் குமாஸ்தாக்களும் டைப்பிஸ்டுகளும் குடிவந்தார்கள். 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் 1952-ல் சண்முகானந்தா சபாவும் தோன்றின. மாட்டுங்காக்காரர் கையில் வாடகை ரசீது இருந்தது. அவர் குடியிருந்த கட்டடம் நகராட்சிப் பேரேட்டில் இருந்தது. பலகையில் வரும் அறிவிப்பு அவருக்கு ஒரு தகவல், அவ்வளவுதான்.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தாராவி. மாட்டுங்கா எஃப் வடக்கு வார்டு, தாராவி ஜி வடக்கு வார்டு. நடுவில் சில தண்டவாளங்கள்தான். கோலி மீனவர்களின் பழைய கிராமத்தை ஒட்டி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் தொழிலுக்கும் மற்றக் கூலி வேலைகளுக்கும் வந்தவர்கள் அங்கேயே குடிசை போட்டுத் தங்கினார்கள். பேரேட்டில் அவர்களுக்கு இடமில்லை. அவர்களுக்கு அறிவிப்பு என்பது தலைக்கு மேல் கூரை இருக்குமா, இருக்காதா என்பதைச் சொல்லும் காகிதம்.

1976 ஜனவரி 4, ஞாயிற்றுக்கிழமை. நகரத்துக் குடிசைகளையெல்லாம் ஒரே நாளில் கணக்கெடுத்தார்கள். எண்ணிக்கையில் வந்தவர்களுக்குப் பிறகு புகைப்பட அட்டை கிடைத்தது. 'போட்டோ பாஸ்' என்று எல்லோரும் சொன்னது அதைத்தான். குடிசைவாசி இந்த நகரத்தில் இருக்கிறான் என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்த முதல் காகிதம் என்றே அதைச் சொல்லலாம். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அம்மா எங்களை அன்று வெளியே விளையாடக்கூட விடவில்லை. "தலை எண்ணுறப்போ ஒருத்தன் குறைஞ்சாலும் போச்சுலா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எங்கள் அடுத்த குடிசைக்காரர் தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். எனக்கு மாமா முறை. தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்து, டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தார். கணக்கெடுப்பு அறிவிப்பு அப்பாவின் கண்ணில் பட்டது அதற்குப் பிறகுதான். உடனே கடிதம் போட்டார். கடிதம் போய்ச் சேர்வதற்குள் அந்த ஞாயிறு கடந்துவிட்டது. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு ஆட்கள் போய்விட்டார்கள். இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

சில ஆண்டுகள் கழித்து எங்கள் சந்து அகலப்படுத்தப்பட்டது. அட்டை இருந்தவர்களுக்கு மாற்று இடம் கிடைத்தது. மாமாவுக்குக் கிடைக்கவில்லை. கல்யாண் பக்கம் குடிபோகுமுன் அப்பாவிடம் சொல்லிக்கொள்ள வந்தார். "நீங்க வாசிச்சு என் காதுல விழாத நோட்டீஸ் அது ஒண்ணுதான் அண்ணாச்சி" என்றார். குறை சொல்கிற தொனியில் அவர் சொல்லவில்லை. ஆனால் அப்பாவுக்கு அது கடைசிவரை ஆறவில்லை. அதன்பின் எங்கள் சந்திலிருந்து யார் ஊருக்குப் புறப்பட்டாலும் ஊர் விலாசத்தைக் கேட்டு வாங்கி ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார். முக்கியமான அறிவிப்பு எது வந்தாலும் போஸ்ட்கார்டு பறக்கும்.

இனி 314-ஆம் பிரிவுக்கு வருகிறேன். 1981 ஜூலை 13 அன்று, கொட்டும் மழைக்காலத்தில், நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்தி அவரவர் ஊருக்கே அனுப்பிவிடப் போவதாக அன்றைய முதலமைச்சர் ஏ. ஆர். அந்துலே அறிவித்தார். உச்ச நீதிமன்றம் சென்ற மனுதாரர்களில் நம்மவர் ஒருவர் இருந்தார். சேலத்திலிருந்து பஞ்சம் பிழைக்க 1961-ல் பம்பாய் வந்த நிலமில்லாக் கூலித் தொழிலாளி அவர். ஜூலை 23 அன்று அவருடைய நடைபாதைக் குடிலை இடித்து, குடும்பத்தோடு சேலத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். மனைவியும் பெண் மக்களும் சேலத்தில் தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்து மறுபடியும் நடைபாதையிலேயே குடியேறினார். இத்தனையும் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது.

'ஓல்கா டெல்லிஸ் வழக்கு' என்று சட்டம் படிப்போர் எல்லோரும் அறிந்த அந்தத் தீர்ப்பை, தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு 1985 ஜூலை 10 அன்று வழங்கியது. உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடக்கம் என்றது நீதிமன்றம். 314-ஆம் பிரிவு செல்லும், ஆனால் சாதாரணமாக முன்னறிவிப்புக் கொடுத்து, சம்பந்தப்பட்டவர் சொல்வதைக் கேட்ட பிறகே அகற்ற வேண்டும் என்றும் சொன்னது. நடைபாதையை விட்டு அகற்றவே கூடாது என்று அது சொல்லவில்லை. 1976 கணக்கில் வந்தவர்களுக்கு மாற்று இடம் தரவேண்டும் என்றது. மழை முடியும்வரை, அக்டோபர் 31 வரை, யாரையும் அகற்றக் கூடாது என்றது.

இந்தத் தீர்ப்பிலிருந்து நான் விளங்கிக்கொண்டது இதுதான். முன்னறிவிப்பு என்பது ஏழைக்குச் சட்டம் தரும் கவசம். ஆனால் வாசிக்கத் தெரியாதவனுக்கும், வாசித்துச் சொல்ல ஆள் இல்லாதவனுக்கும் அந்தக் கவசத்தால் பயன் இல்லை. சட்டம் பலகையோடு நின்றுவிடும். அங்கிருந்து குழாயடிவரை அதைக் கொண்டுவருவது நம் வேலை.

பிளேக்குக்கும் கொரோனாவுக்கும் இடையே 124 ஆண்டுகள். 2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் தொற்று பதிவானது. அப்போதும் அதிகாரிகள் சந்து சந்தாக வந்தார்கள். ஆனால் இம்முறை உள்ளூர் மருத்துவர்களும் தொண்டர்களும் உடன் வந்து, அவரவர் மொழியில் எடுத்துச் சொன்னார்கள். 1896-ல் ஓடிய ஜனங்கள் 2020-ல் கதவைத் திறந்தார்கள். தாராவி நோயை அடக்கிய விதத்தை அந்த ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டார்.

இன்று மறுபடியும் காகிதத்துக்கு வேளை வந்திருக்கிறது. தாராவி மறுசீரமைப்புக்காக 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே இலவச வீடு என்பது விதி. அதை நிரூபிப்பது பழைய மின்கட்டண ரசீதும் வாக்காளர் பட்டியலும்தான். கேட்டு முறையிட வார்டு உறுப்பினராவது உண்டா என்றால், மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தபின் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகத் தேர்ந்தெடுத்த உறுப்பினர் இன்றியே நகரம் நடந்தது. மக்களுக்கு அருகிலேயே வார்டுக் குழு இருக்க வேண்டும் என்று 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சொன்னது. அது இந்த ஆண்டுகளில் ஏட்டளவில் நின்றது.

ஆகவே நம் சங்கங்களுக்கு ஒரு விண்ணப்பம். பொங்கல் விழாவும் இசைக் கச்சேரியும் அவசியம் வேண்டும். அவற்றோடு, சங்க வாசலில் ஒரு பலகை வைப்போம். வார்டு அறிவிப்புகளைத் தமிழில் எழுதி ஒட்டுவோம். நகராட்சிப் பள்ளிகளில் தமிழ்வழி வகுப்பு எங்கே இருக்கிறது, புகாருக்கு 1916 என்ற எண், 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி மனு எழுதும் முறை, இவையெல்லாம் அதில் இருக்கட்டும். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், படித்த பிள்ளைகள் இருவர் உட்கார்ந்து பெரியவர்களின் பழைய ரசீதுகளை அடுக்கி, படிவம் நிரப்பிக் கொடுக்கட்டும். வேறு நகரங்களில் வாழும் நம்மவர்க்கும் இது பொருந்தும். வார்டின் பெயர் வேறாக இருக்கலாம், பலகை எங்கும் உண்டு.

அப்பா காலமானபின் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். எங்கள் போட்டோ பாஸின் கீழே அந்த விலாச நோட்டு இருந்தது. முதல் பக்கத்தில் முதல் பெயராக மாமாவின் பெயரும், அவர் ஊர் விலாசமும் இருந்தன. அவர் கல்யாண் போன பிறகு எழுதியது என்பது மையைப் பார்த்தாலே தெரிந்தது.