அர்ஜென்டினாவின் மக்களாட்சி மீட்பு (1983)

தென் அமெரிக்க நாடான அர்ஜென்டினாவில் 1976 மார்ச் 24 அன்று தொடங்கிய இராணுவக் குழுவாட்சி, அதாவது முப்படைத் தளபதிகள் கூட்டாக நடத்திய ஆட்சி, முடிவுற்று மக்கள் தேர்ந்தெடுத்த அரசு மீண்டும் அமைந்ததும் அதைத் தொடர்ந்த சீரமைப்பும் மக்களாட்சி மீட்பு எனப்படும்.

பின்னணி: இராணுவ ஆட்சியில் கைதுக்கான பதிவே இன்றிக் கடத்தப்பட்டு மறைக்கப்பட்டோர் ‘காணாமலாக்கப்பட்டோர்’ எனப்பட்டனர். அவர்களுடைய தாய்மார்கள் 1977 ஏப்ரல் முதல் புவெனஸ் ஐரிஸ் நகரின் மே சதுக்கத்தில் கூடி, குழந்தைகளுக்குக் கட்டும் வெள்ளைத் துணியைப் பின்னர் தலையில் அடையாளமாக அணிந்து, வியாழன்தோறும் வலம்வந்து பிள்ளைகளைப் பற்றி நியாயம் கேட்டனர். பணவீக்கமும் கடன்சுமையும் பெருகிய நிலையில், 1982இல் பால்க்லாந்து தீவுப் போரில் பிரிட்டனிடம் அடைந்த தோல்வி இராணுவத்தின் பிடியைத் தளர்த்தியது.

சீரமைப்பு: 1983 அக்டோபர் 30 தேர்தலில் வென்று டிசம்பர் 10 அன்று குடியரசுத் தலைவரான ரவுல் அல்போன்சின், எழுத்தாளர் எர்னஸ்டோ சபாட்டோ தலைமையில் அமைத்த விசாரணை ஆணையம், காணாமலாக்கப்பட்ட 8,960 பேரின் விவரங்களை 1984இல் அறிக்கையாக அளித்தது. 1985இல் குடிமை நீதிமன்றம் இராணுவக் குழுவாட்சியின் ஒன்பது தளபதிகளை விசாரித்து, ஹோர்ஹே விதேலா, எமிலியோ மசேரா இருவருக்கு ஆயுள் தண்டனையும் மூவருக்குக் குறைந்த சிறைத்தண்டனையும் விதித்து, நால்வரை விடுவித்தது.

பின்விளைவு: 1986, 1987ஆம் ஆண்டுகளில் இராணுவத்தினர் மீதான வழக்குகளுக்கு வரம்பிட்ட சட்டங்களும், அடுத்து வந்த குடியரசுத் தலைவர் கார்லோஸ் மெனெம் வழங்கிய மன்னிப்புகளும் மக்களின் நம்பிக்கையைக் குலைத்தன. எனினும் அச்சட்டங்கள் செல்லாவென உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்ததால் வழக்குகள் புத்துயிர் பெற்றன. வாக்குரிமையோடு நீதியும் மீளும்போதே மக்களாட்சி முழுமை பெறும் என்பதற்கு அர்ஜென்டினா சிறந்த சான்றாகும்.