பாஸ்டனில் துப்பாக்கிகள் அடங்கியது எப்படி? ஒரு கூட்டு முயற்சியின் வரலாறு, 1989–2007

அமெரிக்க நகரங்களில் துப்பாக்கி வன்முறையைத் தடுத்த கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 1996 மே மாதத்திலிருந்து தொடங்குவார்கள். பாஸ்டனின் டார்செஸ்டர் நீதிமன்றத்துக்குக் கும்பல் இளைஞர்களை வரவழைத்து, காவல்துறையும் அரசு வழக்கறிஞர்களும் சமூகப் பணியாளர்களும் ஒரே குரலில் பேசிய மாதம் அது. 'ஆபரேஷன் சீஸ்ஃபயர்' என்ற திட்டத்தின் பெயர் அப்போதுதான் பரவலாகத் தெரியவந்தது. ஆனால் இவர்களை ஒரே கூடத்தில் நிற்கவைத்த உறவுகள் அதற்கு முன்பே உருவானவை. பின்னாளில் திட்டம் தளர்ந்ததற்கும் அந்த உறவுகள் கலைந்ததே முக்கியக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1989 அக்டோபரில் சார்லஸ் ஸ்டூவர்ட் என்பவர், கர்ப்பிணியான தம் மனைவியைக் கறுப்பினத்தவர் ஒருவர் சுட்டுவிட்டதாகப் புகார் சொன்னார். காவல்துறை மிஷன் ஹில் பகுதிக் கறுப்பின ஆண்களை வகைதொகையின்றி நிறுத்திச் சோதனையிட்டது. அடுத்த சனவரியில் கொலைக்குப் பின்னால் இருந்தவர் கணவரே என்று அம்பலமானது. அந்த அவமானத்தை மக்கள் மறக்கவில்லை. கிராக் கொக்கைன் வியாபாரத்தோடு துப்பாக்கிகளும் பெருகியிருந்த நகரில் 1990-இல் 152 கொலைகள் நடந்தன. சாட்சி சொல்ல முன்வரும் அளவுக்குக் காவல்துறையை நம்பியவர்கள் அந்தத் தெருக்களில் குறைவு.

1992 மே மாதம், மேட்டபன் பகுதியின் மார்னிங் ஸ்டார் பாப்டிஸ்ட் தேவாலயத்தில், சுட்டுக் கொல்லப்பட்ட ஓர் இளைஞனின் இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருந்தபோதே ஒரு கும்பல் உள்ளே புகுந்தது. துப்பாக்கி வெடித்தது, ஓர் இளைஞனைக் கத்தியால் குத்தினார்கள். இதையடுத்து யூஜின் ரிவர்ஸ், ரே ஹாமண்ட், ஜெஃப்ரி பிரவுன் முதலிய கறுப்பினப் போதகர்கள் 'டென் பாயிண்ட் கூட்டமைப்பை' உருவாக்கினார்கள். பிரசங்க மேடையை விட்டு இறங்கி, இரவில் தெருத்தெருவாக நடந்தார்கள்.

அதே ஆண்டு இறுதியில் டார்செஸ்டர் நீதிமன்ற நன்னடத்தை அலுவலர்கள் காவலர்களின் காரில் ஏறிக்கொண்டார்கள். 'நைட் லைட்' என்று பெயர் பெற்ற ஏற்பாடு இது. இரவில் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்ற நிபந்தனையோடு விடப்பட்ட இளைஞன் தெருமுனையில் நின்றால், அந்த நிபந்தனை ரோந்துக் காவலருக்குத் தெரியாது; நிபந்தனையை அறிந்த அலுவலரோ பகல் வேலை முடிந்து வீட்டுக்குப் போயிருப்பார். இருவரும் சேர்ந்து கதவைத் தட்டத் தொடங்கியதும் அந்த இடைவெளி அடைபட்டது. ஆவணங்களில் சில வரிகளே பெறும் இந்த ஏற்பாட்டை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் கீழ்நிலை ஊழியர்களே தொடங்கியது இது.

1995-இல் ஹார்வர்டின் டேவிட் கென்னடி, ஆந்தனி பிராகா, ஆன் பீல் ஆகியோர் ஆய்வுக்கு வந்தபோது, பேசுவதற்கு ஆட்கள் தயாராக இருந்தார்கள். 1990–94 காலத்தில் துப்பாக்கிக்கோ கத்திக்கோ பலியான, 21 வயதும் அதற்குக் குறைவுமான 155 பேரின் பட்டியலைக் காவலர்கள், நன்னடத்தை அலுவலர்கள், தெருப் பணியாளர்கள் முன்னால் வைத்தார்கள். ஒவ்வொரு பெயரையும் படித்து, இவன் ஏன் செத்தான், எந்தக் கும்பலுக்கும் எந்தக் கும்பலுக்கும் பகை என்று கேட்டார்கள். கும்பல்களின் எல்லைகளை வரைபடத்தில் குறித்தார்கள். 61 கும்பல்கள், ஏறத்தாழ 1,300 பேர் என்று கணக்கு வந்தது. நகரத்து இளைஞர்களில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான இவர்கள் இளைஞர் கொலைகளில் குறைந்தது 60 விழுக்காட்டோடு தொடர்புடையவர்கள். ஒரு வட்டாரத்தையே குற்றவாளியாக நடத்திய 1989-இன் அணுகுமுறைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இருக்க முடியாது.

இந்த ஆய்வின் அடிப்படையில் உருவான சீஸ்ஃபயர் திட்டம் சொன்னது இதுதான்: யாராவது சுட்டால் அவருடைய கும்பல் முழுவதன் மீதும் சட்டத்தின் கவனம் விழும், விலக நினைப்பவருக்குப் படிப்பு, வேலை, உதவி கிடைக்கும். 1996 ஆகஸ்டில் இன்டர்வேல் கும்பல் மீது எடுத்த நடவடிக்கை, எச்சரிக்கை வெறும் பேச்சல்ல என்று காட்டியது. தோட்டா ஒன்றை வைத்திருந்ததற்காக ஒருவருக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுச் சிறை கிடைத்ததைச் சுவரொட்டியாகவே அச்சிட்டார்கள். அதன் கடுமையை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் போதகர்கள் உடன் நின்றதால்தான், இத்தகைய கடுமையைக் கண்ட பிறகும் அந்தப் பகுதி மக்கள் திட்டத்தைப் புறக்கணிக்கவில்லை என்று எண்ணுகிறேன்.

2001-இல் வெளியான மதிப்பீடு, மாதாந்திர இளைஞர் கொலைகள் 63 விழுக்காடு குறைந்ததாகக் காட்டியது. நாடெங்கும் கொலைகள் குறைந்துவந்த காலம் அது என்பதால், எவ்வளவு பங்கு திட்டத்தினுடையது என்று ரிச்சர்ட் ரோசன்ஃபெல்ட் முதலியோர் 2005-இல் கேள்வி எழுப்பினார்கள். நியாயமான கேள்வி.

ஆயினும் 2000-க்குப் பின் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காவல்துறையில் பொறுப்பாளர்கள் மாறினார்கள். கவனம் வேறு பணிகளுக்குப் பரவியது. போதகர்களிடையே பிணக்கு வந்தது. கும்பல்களை அழைத்துப் பேசும் வழக்கம் நின்றது. 1999-இல் 31 ஆக இருந்த கொலைகள் 2005-இல் எழுபதைத் தாண்டின. 2007-இல் ஆணையர் எட் டேவிஸ் திட்டத்தை மீட்டெடுத்தபோது, பிராகாவையே ஆலோசகராக அழைத்தார். அந்த இரண்டாம் கட்டத்தில், குறிவைக்கப்பட்ட கும்பல்கள் சம்பந்தப்பட்ட துப்பாக்கிச் சூடுகள் 31 விழுக்காடு குறைந்தன என்று 2014 ஆய்வு கூறுகிறது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் திட்டத்தின் ஆவணங்கள் எங்கும் போய்விடவில்லை. அவற்றைச் செயலாக்கத் தெரிந்தவர்கள்தாம் ஒரே மேசையில் இல்லை.