நைல் நதியின் முழக் கணக்கு

கெய்ரோ நகரிலுள்ள ரோதா தீவிலே, கிணறுபோன்ற கட்டடமொன்றின் நடுவே எண்கோணக் கற்றூண் ஒன்று நிற்கின்றது. கி.பி. 861இல் அப்பாசியக் கலீபா அல்முத்தவக்கில் காலத்தெழுந்த இத்தூணில் முழ அளவு வெட்டப்பட்டுள்ளது. வெள்ளம் 16 முழம் ஏறினாற்றான் முழு நிலவரி. ஆதலின் அரசு ஆண்டுதோறும் அதனைக் குறித்து வைத்தது. முன்னைய அளவைகளையுஞ் சேர்த்து 622 முதலாகக் குறிப்புக்கள் கிடைக்கின்றன. இறைக்கென எழுதிய கணக்கே இன்று மழையின் வரலாறாயிற்று.

நைலின் கோடை வெள்ளம் எதியோப்பிய மலைநாட்டுப் பருவமழையின் விளைவு. அம்மழை பொய்த்து வெள்ளங் குன்றிய 1200ஆம் ஆண்டையடுத்து நேர்ந்த கொடும் பஞ்சத்தைப் பாக்தாத் மருத்துவர் அப்துல் லத்தீப் நேரிற் கண்டு எழுதியுள்ளார். மனிதர் மனித ஊனை உண்ட செய்தியும் அந்நூலில் உண்டு.

எனினும் இவ்வெண்களை அப்படியே கொள்ளலாகாது. வண்டல் படிந்து ஆற்றுப்படுகை நூற்றாண்டுதோறும் உயர்ந்தது. பிற்கால முழத்தை முற்கால முழத்தோடு ஒப்பிட்டு, நீர் பெருகிற்றென்பார் ஏமாறுவர்.

1906இல் எகிப்து சென்ற ஹேர்ஸ்ற் என்னும் ஆங்கிலேயர் 1951இல் வெளியிட்ட முடிவு பெரிது. வறண்ட ஆண்டுகள் தனித்து வாரா, கூட்டமாகவே வரும். வளமான ஆண்டுகளும் அவ்வாறே. இதனை நோக்காது கட்டிய நீர்த்தேக்கம் சிறிதாய்விடும். 1871 முதல் 1898 வரை அசுவானில் ஆண்டுக்கு ஏறக்குறைய 110 கன கிலோமீற்றராயிருந்த நீர், 1900 முதல் 1959 வரை சராசரி 84 ஆகக் குறைந்தமை அவர் கூற்றுக்கு ஏற்ற சான்று.

1970இல் நிறைவுற்ற அசுவான் உயரணை பல்லாண்டு நீரைத் தேக்குவது. 1984இல் எதியோப்பியா பஞ்சத்தால் வாடியபோது எகிப்தின் வயல்கள் அத்தேக்கத்து நீராலேயே விளைந்தன.