மிச்சம் மூணு நிமிஷம்

இசைத்தட்டு வாங்க வசதி வேண்டும். ஆர்.கே.பேட்டை மாதிரி விசைத்தறி ஊர்களுக்குப் பாட்டை மலிவாக்கியது, 1963-ல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய கேசட்தான். எண்பதுகளில் தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் ‘ரெக்கார்டிங் சென்டர்’கள் பெருகின. பட்டியல் எழுதிக் கொடுத்தால், 90 நிமிஷ கேசட்டில் இருபது பாட்டு பதிஞ்சு தருவாங்க. கடைசியில் மிச்சமாகும் மூணு நிமிஷத்துக்கு என்ன போடுறதுன்னு கடைக்காரரே முடிவு பண்ணுவார். கேட்காத பாட்டு பிடித்துப்போனது அப்படித்தான்.

சட்டப்படி அது திருட்டுப் பதிவு. நகலெடுத்தே இசைத்தட்டு வியாபாரத்தைச் சாய்த்த கடைகள் அவை. 2000-க்குப் பிறகு ஒரே எம்பி3 சிடியில் நூற்றைம்பது பாட்டு வந்தபோது, அதே நகல் அவற்றையும் சாய்த்தது. இன்றைக்கு அடுத்த பாட்டைச் செயலி தேர்ந்தெடுக்கிறது. ‘ஏண்ணே இதைப் போட்டீங்க?’ன்னு அதனிடம் சண்டை போட முடியாது.