வாரக்கடைசியில் நின்றுபோன கணக்கு

முதுகலைக் கணிதத்தில் நான் நடத்தும் தாள்கள் இரண்டு: பிழை திருத்தும் குறியீடுகள், மறையாக்கம். வேறு வேறு பருவத்தில் வருவதால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்றே மாணவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் நவீன வடிவில் இரண்டுக்கும் பிறந்த வீடு அமெரிக்காவின் பெல் ஆய்வகம்தான். 1945இல் கிளாட் ஷானன் மறையாக்கம் பற்றி எழுதிய அறிக்கை ரகசியமாகப் பூட்டி வைக்கப்பட்டது. 1948இல் அவரது தகவல் கோட்பாடு வெளிவந்தது.

அவரோடு கொஞ்ச காலம் ஒரே அறையில் இருந்தவர் ரிச்சர்ட் ஹாமிங். ரிலேக்களால் ஓடிய கணினி ஹாமிங்குக்கு வாரக்கடைசியில்தான் கிடைக்கும். மற்ற நாட்களில் பிழை வந்தால் ஆட்கள் சரிசெய்வார்கள். சனி, ஞாயிறில் ஆள் ஏது? இயந்திரம் அந்தக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு, அது எந்த இடத்தில் என்று சொல்லத் தெரியாதா என்று அவருக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்.

அதற்கு அவர் கண்ட விடையைக் கரும்பலகையில் போட்டுக் காட்டாமல் நான் மேலே போவதில்லை. 1011 என்ற நான்கு பிட்டோடு மூன்று சரிபார்ப்பு பிட்டுகளைச் சேர்த்தால் 0110011. நான் திரும்பி நிற்க, ஒரு மாணவி வந்து ஆறாவதை மாற்றிவிடுகிறாள்: 0110001. இப்போது 4, 5, 6, 7ஆம் இடங்களில் உள்ள ஒன்றுகளை எண்ணினால் ஒற்றைப்படை. 2, 3, 6, 7இலும் ஒற்றைப்படை. 1, 3, 5, 7இல் இரட்டைப்படை. ஒற்றைக்கு 1, இரட்டைக்கு 0 என்று வரிசையாக எழுதினால் 110. இரும எண்ணில் அது ஆறு! கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

காப்புரிமைக்காக ஆய்வகம் நிறுத்தி வைத்ததால் ஹாமிங்கின் கட்டுரை 1950இல்தான் அச்சேறியது. அடுத்த பத்தாண்டில், ஒன்றுக்கு மேற்பட்ட பிழைகளைத் திருத்தும் பிசிஎச் குறியீடுகள் வந்தன. அந்த மூன்று எழுத்தில் இரண்டு வங்காளிகளுடையவை: கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்திலிருந்து அமெரிக்கா போன ஆர். சி. போஸ், அவருடைய மாணவர் ரே-சௌத்ரி.

1978இல் ராபர்ட் மெக்எலீஸ் எல்லாவற்றையும் தலைகீழாக்கி, பிழையையே மறையாக்கத்துக்குப் பயன்படுத்தினார். 524 பிட் செய்தியை 1024 பிட்டாக்கி, அதில் 50 பிட்டுகளை வேண்டுமென்றே கெடுத்து அனுப்பு என்றார். குறியீட்டின் உள்ளமைப்பு தெரிந்தவரால் மட்டுமே அந்தப் பிழைகளைக் களைய முடியும். ஆனால் சாவி ஐந்து லட்சம் பிட்டுகளைத் தாண்டியது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஆர்எஸ்ஏ மறையாக்க முறைக்குச் சில நூறு பிட்டுகளே போதும் என்றிருந்த காலம். யார் சீந்துவார்கள்? அவர் சொன்ன அளவுகள் 2008இல் உடைபட்டன. அளவைக் கூட்டியதும் முறை தாக்குப்பிடித்தது. குவாண்டம் கணினி ஆர்எஸ்ஏவை உடைத்துவிடும் என்ற அச்சம் வந்த பிறகு, 2025 மார்ச்சில் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் தேர்ந்தெடுத்த எச்க்யூசி முறையும் இப்படிப் பிழைகளைக் கலந்து மறைப்பதுதான்.